நோயின் ஊற்றுக்கண் தேடிய அறிஞர்

சிங்கப்பூரின் கிழக்குக் கடலோரத்தில் அமைந்தது காத்தோங் வட்டாரம். அங்கே சிலோன் சாலை என்னும் பெயருடைய தெரு ஒன்று உண்டு. செண்பக மரத்தடியில் தோன்றியதாகச் சொல்லப்படும் செண்பக விநாயகர் ஆலயம் அச்சாலையில்தான் உள்ளது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் எழுத்தர்களாகவும் ஆசிரியர்களாகவும் மருத்துவத்துறைப் பணியாளர்களாகவும் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர் பேணி வளர்த்த ஆலயம் அது. கல்வியை மூலதனமாகக் கொண்டு ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவுக்கு வந்து வாழ்வமைத்துக் கொண்ட ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அந்தச் சாலையின் பெயரே நினைவூட்டுகின்றது.

மக்களையும் சரக்கையும் கொண்டு வந்த கடல்வழிகள் நோயையும் உடன் கொண்டு வந்தன. துறைமுக நகரங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் இவ்வுண்மையை விலக்கி எழுதுதல் இயலாது. வணிகத்தால் தழைத்த நகரம் எதுவாயினும், அதன் வாயிலில் தொற்றுநோய் ஒருமுறையேனும் வந்து நின்றிருக்கும். அந்நோய் எங்கே பிறந்தது, எவ்வழி வந்தது, எவ்வாறு தடுக்கப்பட்டது என்று ஆராய்ந்தவர்களின் வரலாறும் நகர வரலாற்றின் ஒரு பகுதியே. இலங்கையின் கண்டி மாநகரிற் பிறந்து, ஹாங்காங்கில் ஆய்வுக்களம் அமைத்து, இன்ஃப்ளுவென்சா வைரஸ்களையும் கொரோனா வைரஸ்களையும் ஆராய்ந்த மலிக் பீரிஸ் என்னும் மருத்துவ அறிஞரின் பணி, காத்தோங் போன்ற ஒரு வட்டாரத்தின் பள்ளிப் பிள்ளைகளின் வாழ்வையும் தொட்டது. அது எவ்வாறு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிங்கப்பூர் கண்ட சளிக்காய்ச்சல்கள்

இன்ஃப்ளுவென்சா என்னும் கடுஞ்சளிக்காய்ச்சல் 1918-ஆம் ஆண்டு உலகெங்கும் பரவியபோது சிங்கப்பூரும் தப்பவில்லை. அவ்வாண்டின் ஜூன், ஜூலை மாதங்களில் ஓர் அலையும், அக்டோபர், நவம்பர் மாதங்களில் மற்றோர் அலையுமாக நோய் இருமுறை வந்தது. அதற்கு இரையானோர் 2,870 பேருக்கும் மேற்பட்டவர் எனப் பிற்கால ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். நோய்க்குக் காரணமான கிருமி இன்னதென்று அக்காலத்தில் யாரும் அறிந்திலர். மனிதரைத் தாக்கும் இன்ஃப்ளுவென்சா வைரஸை இலண்டனில் வில்சன் சுமித், ஆண்ட்ரூஸ், லெயிட்லா ஆகிய மூவர் பிரித்தெடுத்தது 1933-ஆம் ஆண்டிலேதான். நகரமே நடுங்கிய அந்நாளில் மருத்துவர்கள் கண்ணுக்குத் தெரியாத பகைவனோடு இருளில் போராடினர் எனலாம்.

அடுத்த பெருநோய் 1957-ஆம் ஆண்டில் வந்தது. இம்முறை நிலைமை வேறு. மலாயாப் பல்கலைக்கழகம் அப்போது சிங்கப்பூரில் இயங்கி வந்தது. அதன் நுண்ணுயிரியல் துறையினர் நோயாளிகளிடமிருந்து வைரஸைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். அவர்களுள் முதன்மையானவர் டாக்டர் லிம் கொக் ஆன். சதுரங்க ஆட்டத்திலும் சிங்கப்பூருக்குப் பெயர் தேடித் தந்தவர் அவர். அவரும் உடனாய்வாளர்களும் தம் கண்டுபிடிப்பை அவ்வாண்டே ‘லான்செட்’ என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளியிட்டனர். ஆய்வகங்களில் ‘ஏ/சிங்கப்பூர்/1/57’ என்னும் பெயருடன் அறியப்படும் வைரஸ் அந்த ஆண்டின் நினைவாக இன்றும் அறிவியல் நூல்களில் இடம்பெறுகின்றது.

இந்நிகழ்ச்சியில் மற்றோர் உண்மையும் அடங்கியுள்ளது. அந்நோய் சீனாவில் அவ்வாண்டின் தொடக்க மாதங்களிலேயே பரவியிருந்தது. எனினும் சீன மக்கள் குடியரசு அந்நாளில் உலகச் சுகாதார நிறுவனத்தில் பங்கு பெறவில்லை. ஆதலின் செய்தி உரிய காலத்தில் உலகுக்கு எட்டவில்லை. நோய் ஹாங்காங்கைக் கடந்து சிங்கப்பூரை அடைந்த பின்னர், மே மாதத் தொடக்கத்தில், சிங்கப்பூரில் இருந்த இன்ஃப்ளுவென்சா மையம் அனுப்பிய அறிவிப்பே அந்நிறுவனத்தை விழிப்புறச் செய்தது. நோய் தோன்றும் இடத்திற்கும் செய்தி தோன்றும் இடத்திற்கும் இடையே உள்ள தொலைவுதான் மனித உயிர்களின் விலையை முடிவு செய்கின்றது என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. பின்னாளில் மலிக் பீரிஸ் ஆற்றிய பணி முழுவதும் அத்தொலைவைக் குறைக்கும் முயற்சியே.

கண்டியில் தொடங்கிய பயணம்

மலிக் பீரிஸ் 1949-ஆம் ஆண்டு கண்டியிற் பிறந்தார். பேராதனையில் மருத்துவம் பயின்று 1972-இல் பட்டம் பெற்றார். பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நச்சுயிரியல் ஆராய்ந்து 1981-இல் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட பொருள் சற்றே வியப்பிற்குரியது. உடலைக் காக்கத் தோன்றும் எதிர்ப்பொருள்கள் சில வேளைகளில் வைரஸுக்கே துணையாகி, அது நோயெதிர்ப்பு அணுக்களுள் புகுந்து பெருக வழிசெய்து விடுகின்றன. மஞ்சட்காய்ச்சல், டெங்கி முதலான நோய்களைத் தரும் வைரஸ் குடும்பத்தில் இது நிகழும் முறையை அவரும் அவருடைய பேராசிரியர் போர்ட்டர்ஃபீல்டும் 1979-ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் விளக்கினர். நோயின் கொடுமைக்குக் கிருமி மட்டுமன்றி, உடல் அதனை எதிர்கொள்ளும் முறையும் காரணமாகலாம் என்னும் கருத்து அவருடைய சிந்தனையில் அப்போதே வேரூன்றிற்று.

மேலைநாட்டுப் பட்டத்துடன் மேலைநாட்டிலேயே தங்கிவிடுதல் அக்காலத்தில் பலருக்கும் இயல்பாயிருந்தது. அவரோ தாயகம் திரும்பினார். பேராதனையில் நச்சுயிரியல் ஆய்வகம் ஒன்றனை உருவாக்கினார். 1980களில் அனுராதபுரப் பகுதியில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பரவியது. அந்நோயின் வைரஸ் கொசுவால் பரவுவது. பன்றிகளின் உடலில் பெருகுவது. நெல்வயல்களில் தேங்கிய நீர் கொசுக்களுக்குப் பிறப்பிடம். வீட்டருகே வளர்க்கப்பட்ட பன்றிகள் வைரஸுக்கு வளர்ப்பிடம். இடையில் அகப்பட்டவர் உழவரும் அவர்தம் குழந்தைகளும். நோயாளியின் குருதியை மட்டும் ஆராய்ந்து நின்றுவிடாது, பன்றிகளையும் கொசுக்களையும் ஒருங்கே ஆராய்ந்தால்தான் நோயின் முழு உருவம் புலப்படும் என்பதை அவருடைய குழுவினர் அக்களத்தில் கண்டனர்.

மருத்துவன் நோயை அறிவதோடு அமையாது அதன் காரணத்தையும் நாட வேண்டும் என்பது வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வகுத்த நெறி. தமிழ் மாணவர் அனைவரும் அறிந்தது அது. அந்நெறி ஓர் ஆய்வகத்தின் அன்றாட நடைமுறையாக மாறினால் எவ்வாறிருக்கும் என்பதற்கு அனுராதபுர ஆய்வு ஓர் எடுத்துக்காட்டு. பிற்காலத்தில் கோழிச்சந்தையிலும் ஒட்டகத் தொழுவத்திலும் அவர் தேடியதெல்லாம் இதே பாடத்தின் தொடர்ச்சிதான்.

கோழிச்சந்தையில் கண்ட பாடம்

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின், 1995-இல் பீரிஸ் ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே கென்னடி ஷார்ட்ரிட்ஜ் என்னும் மூத்த அறிஞர் இருந்தார். வாத்தும் கோழியும் பன்றியும் மனிதனும் நெருங்கி வாழும் தென்சீனப் பகுதியிலிருந்து புதிய இன்ஃப்ளுவென்சா வைரஸ்கள் தோன்றக்கூடும் என்று 1982-ஆம் ஆண்டிலேயே எழுதியவர் அவர்.

அவ்வெச்சரிக்கை 1997-இல் மெய்யாயிற்று. மே மாதத்தில் ஹாங்காங்கில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் காய்ச்சலுற்று இறந்தான். அவனிடமிருந்து பெறப்பட்ட வைரஸ் ‘எச்5 என்1’ என்னும் வகை எனப் பின்னர் அறியப்பட்டது. அதுகாறும் பறவைகளை மட்டுமே தாக்கும் என்று கருதப்பட்ட வகை அது. ஆண்டு முடிவதற்குள் 18 பேர் நோயுற்றனர். அவர்களுள் 6 பேர் இறந்தனர். மூவரில் ஒருவரைக் கொல்லும் சளிக்காய்ச்சல் மனிதரிடையே எளிதாகப் பரவத் தொடங்கினால் என்னாகும் என்று எண்ணி உலகம் அஞ்சியது. டிசம்பர் இறுதியில் ஹாங்காங் அரசு ஏறத்தாழப் பதினைந்து இலட்சம் கோழிகளையும் பிற பறவைகளையும் அழித்தது. நோய் நின்றது. நோயாளிகளின் நோய்க்குறிகளையும், விரைந்து நோயறியும் முறைகளையும் மறு ஆண்டே மருத்துவ உலகிற்கு அறிவித்த குழுவில் பீரிஸும் ஒருவர்.

இந்த வைரஸ் ஏன் இத்துணைக் கொடியது என்னும் வினாவிற்கு விடைகாண அவர் தம் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வின் அடிப்படைக்கே திரும்பினார். மனித உடலின் பெருவிழுங்கணுக்களில் எச்5 என்1 வைரஸைச் செலுத்திப் பார்த்தபோது, சைட்டோகைன் எனப்படும் அழற்சியூட்டும் பொருள்களை அவ்வணுக்கள் அளவிறந்து சுரப்பதை அவருடைய குழு 2002-ஆம் ஆண்டு வெளியிட்டது. தீயை அணைக்கப் பாய்ச்சிய வெள்ளம் வீட்டையே இடிப்பது போன்ற நிலை அது.

ஆயினும் அவருடைய பணியின் தனிச்சிறப்பு ஆய்வகத்திற்கு வெளியிலேதான் புலப்படுகின்றது. ஆண்டுதோறும் கோழிகளைக் கொன்று குவித்துக் கொண்டிருப்பது தீர்வாகாது. வைரஸ் சந்தையில் எவ்வாறு நிலைபெறுகின்றது என்று ஹாங்காங் அறிஞர்கள் ஆராய்ந்தனர். கூண்டுகள் ஒருநாளும் ஒழிவதில்லை. இன்று வந்த கோழிக்கு நேற்று வந்த கோழி நோயைக் கொடுத்துச் செல்கின்றது. ஆகவே 2001 முதல் மாதத்தில் ஒரு நாள் எல்லாக் கடைகளும் கோழிகளை ஒழித்துக் கூண்டுகளைக் கழுவி ஓய்வு விட வேண்டும் என்னும் விதி வந்தது. 2002-இல் காடைகளைக் கோழிகளோடு சேர்த்து விற்பது தடுக்கப்பட்டது. 2008-இல் உயிர்க்கோழிகளைச் சந்தையில் இரவு தங்கவைப்பதும் நிறுத்தப்பட்டது. ஓய்வுநாளுக்குப் பின் சந்தைக் கோழிகளில் சிலவகை வைரஸ்கள் குறைந்ததைப் பரிசோதனைகள் காட்டின. ஒரு துடைப்பமும் ஒரு நாள் விடுமுறையும் மருந்துக்கு நிகரான காவலாக அமைந்தன என்பது வியப்பூட்டும் உண்மையாகும்.

2003: சார்ஸ் நோயும் சிங்கப்பூரும்

2002 நவம்பரில் தென்சீனத்தின் குவாங்டோங் மாநிலத்தில் இனந்தெரியாத நிமோனியா தோன்றியது. செய்தி வெளிவரவில்லை. 2003 பிப்ரவரி 11-ஆம் நாள்தான் 305 பேர் நோயுற்றதாகவும் 5 பேர் இறந்ததாகவும் சீனா உலகச் சுகாதார நிறுவனத்திற்கு அறிவித்தது. பத்து நாள்களுக்குப் பின், அந்நோயாளிகளுக்கு மருத்துவம் செய்த குவாங்டோங் மருத்துவர் ஒருவர் ஹாங்காங்கின் மெட்ரோபோல் ஹோட்டலில் ஒன்பதாம் மாடியில் தங்கினார். அங்கே தங்கிய பிறருக்கும் நோய் தொற்றிற்று. அவர்கள் வாயிலாக வியட்நாமிற்கும் கனடாவிற்கும் சிங்கப்பூருக்கும் அது சென்றது. ஹாங்காங்கிற்குச் சென்று திரும்பிய இளம்பெண் ஒருவர் மார்ச் 1-ஆம் நாள் சிங்கப்பூரின் டான் டொக் செங் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருக்குப் பணிவிடை செய்தோரும் காணவந்தோரும் ஒருவர்பின் ஒருவராக நோயுற்றனர்.

காரணம் இன்னதெனத் தெரியாத நிலையில் மருத்துவ உலகம் தடுமாறியது. கிளமீடியா என்னும் பாக்டீரியாவே காரணம் எனப் பெய்ஜிங்கிலிருந்து ஒரு கருத்து வந்தது. பாராமிக்சோ வைரஸாக இருக்கலாம் என வேறு சில ஆய்வகங்கள் கூறின. ஹாங்காங்கில் பீரிஸின் குழு முதலில் ஐயுற்றது பறவைக்காய்ச்சலையே. ஏனெனில் அதே பிப்ரவரியில், ஃபூஜியான் மாநிலம் சென்று திரும்பிய ஹாங்காங் குடும்பம் ஒன்றில் எச்5 என்1 தொற்று மீண்டும் கண்டறியப்பட்டிருந்தது. ஆனால் நோயாளிகளின் மாதிரிகளில் அவ்வைரஸ் இல்லை. தம் முதல் ஐயம் தவறெனத் தெரிந்தவுடன் அதனைக் கைவிட்டு, வலையை அகல விரித்தது அக்குழு. தெரிந்த வைரஸைத் தேடும் சோதனைகளை விடுத்து, தெரியாதது எதுவாயினும் வளரட்டும் என்று பலவகை உயிரணுக்களில் மாதிரிகளை இட்டுக் காத்திருந்தது.

குரங்கின் சிறுநீரகத்திலிருந்து பெறப்பட்ட ஒருவகை உயிரணுக்களில், இருவரது மாதிரிகளிலிருந்து ஏதோ ஒன்று வளர்ந்தது. அதுவே நோய்க்காரணமா, அல்லது வழிப்போக்கனாக வந்ததா? இவ்வினாவிற்கு விடைகாண அவர்கள் கையாண்ட முறை மாணவர் அறிந்துகொள்ளத்தக்கது. நோயுற்று மீண்டவர்களின் குருதிநீரை அவ்வுயிரணுக்களோடு சேர்த்துப் பார்த்தனர். எதிர்ப்பொருள்கள் வைரஸைப் பற்றிக்கொண்டன. நோயுறாதவர்களின் குருதிநீரைச் சேர்த்தனர், எதுவும் நிகழவில்லை. வைரஸின் மரபுப்பொருளில் ஒரு சிறு துண்டைப் படித்தபோது அது கொரோனா குடும்பத்தைச் சேர்ந்தது எனத் தெரிந்தது. மார்ச் மாதத்தின் மூன்றாம் வாரத்தில் இச்செய்தி உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வக வலையமைப்புக்கு அறிவிக்கப்பட்டது. அமெரிக்க, ஜெர்மானிய ஆய்வகங்களும் அதே முடிவை அடைந்தன. ஏப்ரலில் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த கட்டுரையில், ஆராயப்பட்ட 50 நோயாளிகளுள் 45 பேரிடம் அவ்வைரஸின் அடையாளம் இருந்தது குறிக்கப்பட்டது. ஏப்ரல் 16-இல் சார்ஸ் நோயின் காரணம் இதுவே என்று உலகச் சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது.

மனிதரைத் தாக்கும் கொரோனா வைரஸை 1965-இல் இங்கிலாந்தில் டிரெலும் பைனோவும் முதன்முதல் விவரித்தனர். நுண்நோக்கியில் முடிபோன்ற விளிம்புடன் தோன்றியமையால் 1968-இல் அப்பெயர் சூட்டப்பட்டது. சாதாரணச் சளியை மட்டும் தருவது என்று கருதி முப்பதாண்டுகளுக்கு மேலாக அறிவுலகம் அதனைப் பெரிதும் பொருட்படுத்தாதிருந்தது. 2003-இல் அது கொலைத்தொழிலும் செய்யும் என்பது புலனாயிற்று.

சிங்கப்பூரில் அந்நாள்கள் மறக்கவியலாதவை. மார்ச் 22 முதல் டான் டொக் செங் மருத்துவமனை சார்ஸ் நோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்டது. மார்ச் 27 முதல் பள்ளிகள் மூடப்பட்டன. காத்தோங்கிலும் ஏனைய வட்டாரங்களிலும் வகுப்பறைகள் வெறிச்சோடின. பள்ளிகள் திறந்தபோது மாணவர் தம் உடல்வெப்பத்தைத் தாமே அளந்து பார்க்கப் பழகினர். நோயுற்றோர் 238 பேர். இறந்தோர் 33 பேர். நோயுற்றோருள் ஏறத்தாழ ஐவரில் இருவர் மருத்துவப் பணியாளர்கள். பிறர் உயிர்காக்கச் சென்று தம்முயிர் நீத்த மருத்துவர்களும் தாதியரும் அக்கணக்கில் அடங்குவர். மே 31-இல் சிங்கப்பூர் நோய்பரவும் இடங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. சிங்கப்பூரின் மரபணு ஆய்வுக்கழகமும் வாளாவிருக்கவில்லை. 14 வைரஸ் மாதிரிகளின் முழு மரபுவரிசையை ஒப்பிட்டு, நோய் எந்தெந்தக் கிளைவழியாகப் பரவியது என்பதை அம்மே மாதத்திலேயே வெளியிட்டது.

நோயை நிறுத்தியது எது?

தடுப்பூசியோ மருந்தோ இன்றியே சார்ஸ் ஒழிந்தது. உலகளவில் 8,096 பேரைத் தாக்கி 774 பேரைக் கொன்ற பின், 2003 ஜூலை 5-இல் அது கட்டுக்குள் வந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. இது எவ்வாறு இயன்றது? விடையின் ஒரு பகுதியைப் பீரிஸின் குழுவே தந்தது. ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் நோயுற்ற 75 பேரை நாள்தோறும் தொடர்ந்து ஆராய்ந்தபோது, வைரஸின் அளவு நோய் தொடங்கிய பத்தாம் நாளளவில்தான் உச்சத்தை அடைவது தெரியவந்தது. அதாவது, நோயாளி படுக்கையில் விழுந்து மருத்துவமனைக்கு வந்த பின்னரே பெரிதும் பிறருக்குத் தொற்றச் செய்கின்றார். ஆதலின் நோயுற்றோரை விரைந்து தனிமைப்படுத்தினால் சங்கிலி அறுபடும். சிங்கப்பூரும் ஹாங்காங்கும் செய்தது அதுவே.

நோயின் ஊற்றுக்கண்ணைத் தேடும் பணியும் உடன் நடந்தது. பீரிஸின் உடனாய்வாளரான குவான் யீ, ஷென்ஜென் நகரின் விலங்குச்சந்தையில் மரநாய் இனத்தைச் சேர்ந்த விலங்குகளிடம் சார்ஸை ஒத்த வைரஸைக் கண்டார். அவ்வாய்வு 2003-லேயே வெளிவந்தது. 2005-இல் வௌவால்களே இத்தகைய வைரஸ்களின் இயற்கை உறைவிடம் என்பதை இரு குழுவினர் தனித்தனியே காட்டினர். அவற்றுள் ஒரு குழுவில் பங்குகொண்ட லின்ஃபா வாங், பின்னாளில் சிங்கப்பூரின் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியரானார்.

2012-இல் சவூதி அரேபியாவில் மெர்ஸ் என்னும் மற்றொரு கொரோனா நோய் வெளிப்பட்டபோது, பீரிஸின் குழு எகிப்திய ஒட்டகங்களின் குருதிநீரை ஆராய்ந்தது. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களில் எதிர்ப்பொருள் இருந்ததை 2013-இல் வெளியிட்டது. அனுராதபுரத்தில் பன்றி, ஹாங்காங்கில் கோழி, ஷென்ஜெனில் மரநாய், எகிப்தில் ஒட்டகம் என விலங்குகள் மாறின, வினா மாறவில்லை.

2020: மீண்டும் ஒரு சோதனை

2019-இன் இறுதியில் ஊகான் நகரில் தோன்றிய நோய், சார்ஸின் நெருங்கிய உறவினனான வைரஸால் வந்தது. அதன் மரபுவரிசை 2020 ஜனவரி 11-இல் உலகறிய வெளியிடப்பட்டது. 2003-ஐ ஒப்பிட இது பெரும் விரைவே. ஜனவரி 23-இல் சிங்கப்பூரில் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். பிப்ரவரியில் இரு தேவாலயங்களோடு தொடர்புடைய நோய்த்தொகுதிகளுக்கு இடையே அறுந்து நின்ற இணைப்பை, லின்ஃபா வாங்கின் ஆய்வகம் எதிர்ப்பொருள் சோதனையால் கண்டுபிடித்தது. நோய் நீங்கியவரின் குருதியில் எஞ்சிய அடையாளத்தைக் கொண்டு வந்தவழியைக் காட்டும் அம்முறை, 2003-இல் ஹாங்காங்கில் மீண்டோரின் குருதிநீரைக் கொண்டு செய்த சோதனையின் வழித்தோன்றல் எனலாம்.

இருப்பினும் 2003-இன் வெற்றி இம்முறை கைகூடவில்லை. புதிய வைரஸ், நோய்க்குறி தோன்றும் நாளளவிலேயே, சிலரிடம் அதற்கு முன்னரேயும், மிகுதியாகப் பரவியது. நோயாளி படுக்கையில் விழும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். பழைய பகைவனை வென்ற படைக்கலம் புதிய பகைவனிடம் பாதியளவே பயன்பட்டது.

சிங்கப்பூரில் இதன் பெருஞ்சுமையைத் தாங்கியவர் வெளிநாட்டு ஊழியர்கள். தமிழகத்திலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்து, தங்குவிடுதிகளில் ஓர் அறைக்குப் பலராக வாழ்ந்தோர் அவர்கள். 2020 டிசம்பரில் வெளியிடப்பட்ட கணக்கின்படி, விடுதிகளில் வாழ்ந்த 323,000 ஊழியருள் 152,794 பேருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. நூற்றுக்கு 47 பேர் என்பது இதன் பொருள். அவர்களுள் பெரும்பகுதியினர்க்குத் தொற்று வந்துபோனது எதிர்ப்பொருள் சோதனையால்தான் பின்னர் அறியப்பட்டது. அவர்களுட் பெரும்பாலோர் இளையோராதலின் உயிரிழப்பு மிகக் குறைவாயிருந்தது ஆறுதலே. ஆயினும் கூண்டில் நெருக்கமாக அடைக்கப்பட்ட உயிர்களிடையே வைரஸ் நிலைபெறும் என்னும் பாடம் கோழிகளுக்கு மட்டும் உரியதன்று என்பதை அந்த எண்கள் கசப்புடன் உணர்த்தின. வாழிடமும் நோயின் ஒரு காரணம். அதனை மாற்றுவது மருத்துவரின் கையில் மட்டும் இல்லை.

வரலாறு கூறும் செய்தி

மலிக் பீரிஸ் 2006-இல் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். 2021-இல் அவருக்கும் குவான் யீக்கும் கனடாவின் கெயர்ட்னர் உலகநல விருது வழங்கப்பட்டது. பெருமைகள் பல வந்தன. எனினும் அவருடைய வரலாறு மாணவர்க்கு உணர்த்துவது விருதுகளின் பெருமையை அன்று. சிறிய நாடொன்றின் பல்கலைக்கழகத்தில், வசதிகள் குறைந்த ஆய்வகத்தில், வயலையும் பன்றியையும் கொசுவையும் நோக்கிக் கற்ற பாடமே பிற்காலத்தில் உலகப் பெருநகரங்களைக் காக்கப் பயன்பட்டது. அறிவின் ஊற்று தலைநகரங்களில் மட்டுமே சுரப்பதில்லை.

மற்றொன்றும் உண்டு. 1957, 2003, 2020 ஆகிய மூன்று ஆண்டுகளையும் ஒப்பிட்டு நோக்கினால், செய்தி விரைந்தபோது நோய் தளர்ந்ததும், செய்தி மறைந்தபோது நோய் வலுத்ததும் தெளிவாகும். 1957-இல் சிங்கப்பூர் அனுப்பிய அறிவிப்பும், 2003-இல் ஹாங்காங் அனுப்பிய கண்டுபிடிப்பும் உலகிற்குக் கிடைத்த காவல்கள். குவாங்டோங்கில் மூன்று மாதம் நிலவிய மௌனம் நோய்க்குக் கிடைத்த வாய்ப்பு.

செய்தி விரைதல் என்பது ஆய்வகத்திலிருந்து ஆய்வகத்திற்குச் செல்வதோடு முடிவதன்று. தங்குவிடுதியில் வாழும் ஊழியருக்கும், பள்ளியில் பயிலும் சிறுவருக்கும் அவரவர் மொழியில் அது சென்றடைதல் வேண்டும். நச்சுயிரி, எதிர்ப்பொருள், தொற்று, தனிமைப்படுத்தல் என்னும் சொற்கள் 2020-இல் பாடநூலை விட்டு மக்கள் நாவில் ஏறின. அவற்றின் பொருளைத் தெளிவுறக் கற்பித்தல் அறிவியல் ஆசிரியருக்கு மட்டுமன்றித் தமிழாசிரியருக்கும் உரிய கடமையாகும். புரியாத மொழியில் வரும் எச்சரிக்கை, வராத எச்சரிக்கையை ஒக்கும். நோயின் ஊற்றுக்கண்ணைத் தேடுவோர் அறிஞர். தேடிக் கண்டதை மக்கள் மொழியில் கொண்டு சேர்ப்போர் ஆசிரியர். அடுத்த நோய் எத்திசையிலிருந்து வரினும், இவ்விருவர் பணியும் இணைந்து நடக்கும் நகரமே அதனை எதிர்கொள்ளும் வலிமை பெறும்.